செப்டம்பரில் ஒரு மாலை ஒதுக்குங்கள்: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகிகளே, வணக்கம்.

கல்லூரி வழிகாட்டல் கூட்டங்களில் மதிப்பெண், கட்டுரை பற்றி நிறையப் பேசுகிறோம். ஃபாஃப்சா எனும் நிதியுதவிப் படிவம் மட்டும் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளப்படுகிறது. அக்டோபர் 1-இல் அது திறப்பதற்கு முன், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து வரும்படி ஒரு மாலை நடத்துங்கள்.

அன்று முதல் வேலை படிவத்துக்கான இணையக் கணக்குத் தொடங்குவது. அப்பாவோ அம்மாவோ பிள்ளையின் கணக்கில் நுழைந்து கையொப்பமிடக் கூடாது. ஆளுக்கொரு கணக்கு, மின்னஞ்சல், கைபேசி எண் வேண்டும். நம்மவர்களுக்குச் சிக்கல் பெயரில்தான் வரும்: இனிஷியல் ஓரிடத்தில் விரிந்திருக்கும், இன்னோரிடத்தில் விடுபட்டிருக்கும். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடியே எழுதாவிட்டால் அடையாளச் சரிபார்ப்பு தவறிவிடும்.

வரி விவரத்தை அரசு நேரடியாக எடுத்துக்கொள்ள ஒப்புதல் தர வேண்டும். கணவனும் மனைவியும் கூட்டாக வரி தாக்கல் செய்திருந்தால் ஒருவர் தந்தால் போதும். தனித்தனி என்றால் இருவரும் தர வேண்டும். மறுத்தால் கூட்டாட்சி அரசின் உதவி கிடையாது. 2026–27 படிப்புக்கு எடுக்கப்படுவது 2024 வருமானம். அதன்பின் வேலை போயிருந்தாலும் படிவத்தில் பழைய தொகைதான் வரும். பணிநீக்கக் கடிதத்துடன் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்திடம் மறுஆய்வு கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. தயவுசெய்து இதை அழுத்திச் சொல்லுங்கள்.

சொத்துக் கேள்விகளில் குடியிருக்கும் வீடும் ஓய்வூதியச் சேமிப்பும் சேராது. ஆனால் சென்னையில் வாடகைக்கு விட்ட ஃபிளாட்டும், வெளிநாடுவாழ் இந்தியர் இந்திய வங்கியில் வைக்கும் என்ஆர்இ வைப்புநிதியும் சேரும். இந்தியாவில்தானே இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. ஃபிளாட்டுக்கு இன்றைய சந்தை மதிப்பில் கடனைக் கழித்து எழுத வேண்டும். பிள்ளை பெயரிலுள்ள சேமிப்பில் 20 விழுக்காடு படிப்புச் செலவுக்குத் தரக்கூடியதாகக் கணக்கில் எடுக்கப்படும். பெற்றோருடையதில் அதிகபட்சம் 5.64 விழுக்காடுதான். சில தனியார் கல்லூரிகள் கேட்கும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் வேறு படிவம். அதில் குடியிருக்கும் வீட்டையும் காட்ட வேண்டும்.

விசா குழப்பத்தையும் தீர்த்துவையுங்கள். ஹெச்-1பி எனும் வேலை விசாவில் உள்ள பெற்றோரின் பிள்ளை அமெரிக்கக் குடிமகன் என்றால் தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஹெச்-4 எனும் சார்ந்தோர் விசாவில் உள்ள பிள்ளைக்குக் கூட்டாட்சி உதவி இல்லை. மாநில, கல்லூரி நிதியைத் தனியே விசாரிக்க வேண்டும்.

“எங்கள் வருமானத்துக்கு எதுவும் வராது” என்று ஒதுங்குவோரும் வரட்டும். தேவை பார்க்காமல் தரும் மாணவர் கடன், முதலாண்டில் 5,500 டாலர் வரை, இந்தப் படிவம் இல்லாமல் கிடைக்காது.

கூட்ட அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்: பெற்றோர், பிள்ளை இருதரப்பின் கைபேசி, சோஷியல் செக்யூரிட்டி அட்டை, வரிப் படிவம், இந்திய வங்கி இருப்பு விவரம்.