குரோஷியாவுக்குப் புறப்படும் மகளுக்கு

பாளையங்கோட்டை

அன்பு மகள் கயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீ அனுப்பிய பயணத் திட்டத்தை நேற்றிரவு இரண்டு முறை வாசித்தேன். போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆகஸ்ட் மாதத்தில், ஆறே நாட்களில், ஜாக்ரெப், பிளிட்விட்சே, ஜாதார், ஸ்பிளிட், ஹ்வார் தீவு, டுப்ரோவ்னிக் என்று ஆறு இடங்களை எழுதியிருக்கிறாய். இதில் பாதியை வெட்டிவிடு என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஜாக்ரெபிலிருந்து ஸ்பிளிட்டுக்குப் பேருந்தில் ஐந்து மணி நேரம் ஆகும். அங்கிருந்து டுப்ரோவ்னிக்குக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல். பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் காலை பத்து மணிக்குக் கட்டிலைக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஊரில் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு முன் கட்டில் தரமாட்டார்கள். இடைப்பட்ட நேரமெல்லாம் முதுகில் மூட்டையோடு பேருந்து நிலையத்தில் கழியும். போன செப்டம்பரில் உனக்குத் தேர்வு நெருங்கியிருந்ததால், என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற டீச்சரும் நானுமாக அந்தக் கடற்கரையில் பன்னிரண்டு நாட்கள் சுற்றினோமே, அப்போது நாங்களும் முதல் மூன்று நாட்களை இப்படித்தான் வீணடித்தோம்.

நான் சொல்வதைக் கேட்பதானால் ஸ்பிளிட்டில் நான்கு இரவு தங்கு. டுப்ரோவ்னிக்கில் இரண்டு இரவு போதும். பிளிட்விட்சேயின் பதினாறு ஏரிகளும் அருமையானவைதான். ஆனால் அங்கே நீரில் இறங்க அனுமதியில்லை, மரப்பலகைப் பாதையில் வரிசையாக நடந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும், ஆகஸ்ட் கூட்டத்தில் அது திருவிழாத் தெருவில் நடப்பது போலிருக்கும். முடிந்தால் விடுப்பைச் செப்டம்பர் கடைசிக்கு மாற்று. கடல் நீர் அப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். கட்டில் வாடகையும் நன்றாக இறங்கிவிடும்.

ஸ்பிளிட்டை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று கேட்பாய். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் 305ஆம் ஆண்டில் பதவியைத் தாமாகவே துறந்து, தாம் பிறந்த பகுதியில், கடலோரத்தில் கட்டிக்கொண்ட அரண்மனைதான் இன்றைய ஊரின் நடுப்பகுதி. மீண்டும் அரியணை ஏற வரும்படி அழைத்தவர்களிடம், தாம் வளர்த்த முட்டைக்கோஸ்களைப் பார்த்தால் இப்படிக் கேட்கமாட்டீர்கள் என்று அவர் சொன்னதாக ஒரு பழைய செய்தி உண்டு. வகுப்பில் பல ஆண்டுகள் நான் சொன்ன கதை அது. பக்கத்துச் சலோனா நகரம் ஏழாம் நூற்றாண்டில் அழிந்தபோது தப்பி வந்த மக்கள் இந்த அரண்மனைக்குள் குடிபுகுந்தார்கள். இன்றைக்கும் அதற்குள் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ரோமத் தூண் ஒன்றுக்கும் எதிர்வீட்டு ஜன்னலுக்கும் நடுவே கட்டிய கொடியில் ஒரு குழந்தையின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். அந்தப் பேரரசரைப் புதைத்த மண்டபமே பின்னாளில் தேவாலயமாக மாறி, அவருடைய ஆட்சியில் கொல்லப்பட்ட ஆயர் தோம்னியுஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வாசலில் எகிப்திலிருந்து கொண்டுவந்த கருங்கல் ஸ்பிங்ஸ் சிலை ஒன்று, சிங்க உடலும் மனிதத் தலையுமாகப் படுத்திருக்கும். விடியற்காலை ஆறரை மணிக்கு, கடைகள் திறக்கும் முன், தேவாலயத்துக்கு முன்னுள்ள முற்றத்தின் படியில் போய் உட்கார். பகல் முழுதும் கிடைக்காத அமைதி அந்த ஒரு மணி நேரத்தில் கிடைக்கும், அதற்குக் காசும் கிடையாது.

அரண்மனையின் கிழக்கு வாசலை ஒட்டிக் காய்கறிச் சந்தை கூடும். அங்கே "பிளித்வா" என்று ஒரு கீரை கட்டுக்கட்டாகக் கிடைக்கும். தண்டு வெள்ளையாக, இலை பெரிதாக, நம் பாலக்கைவிடத் தடிப்பாக இருக்கும். உருளைக்கிழங்கை முக்கால் வேக்காடு வேகவைத்து, அதே நீரில் கீரையையும் போட்டு வடித்து, ஆலிவ் எண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டு வதக்கிக் கிளறினால் அந்த ஊர்க்காரர்கள் மீனுக்குத் தொட்டுக்கொள்ளும் பதார்த்தம் தயார். நாங்கள் ஹாஸ்டல் சமையலறையில் இதைச் செய்து, பேக்கரி ரொட்டியோடு மூன்று இரவு சாப்பிட்டோம். உணவகத்தில் ஒருவேளை உட்கார்ந்திருந்தால் அந்த மூன்று நாள் செலவும் ஒரே தட்டில் போயிருக்கும். குடிநீரும் வாங்க வேண்டாம். குழாய் நீரே நல்ல நீர்.

மாலையில் பச்விட்சே கடற்கரைக்குப் போ. முழங்காலளவு நீரில் ஐந்தாறு பேர் வட்டமாக நின்று, சிறு பந்தொன்று நீரில் விழாதபடி உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பாய்ந்து விழுவார்கள். "பிட்சிகின்" என்று பெயர். நரைத்த தாத்தாக்கள் அதில் பாய்வதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். பாறையோரமாகக் குளிப்பதானால் ரப்பர் செருப்பைக் கழற்றாதே; கடல் முள்ளெலியின் முள் காலில் ஏறினால் பயணமே கெட்டுவிடும்.

தங்குமிடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நமக்கு ஹாஸ்டல் என்றால் மாணவர் விடுதி. அதனால் எட்டுக் கட்டில் போட்ட அறையில், ஆணும் பெண்ணுமாக முன்பின் அறியாதவர்களோடு என்றதும் அப்பா இரண்டு நாள் பேசவில்லை. பெண்களுக்கு மட்டுமான அறை உண்டா என்று முதலில் பார்; கீழ்க்கட்டிலைக் கேட்டு வாங்கு. பெட்டகம் இருக்கும், பூட்டு இருக்காது. விடியற்காலையில் கிளம்புவதானால் இரவே மூட்டை கட்டி வை. தூங்குகிறவர் தலைமாட்டில் பிளாஸ்டிக் பையைச் சரசரக்க விடாதே. பேருந்தில் அடியில் வைக்கும் மூட்டைக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள், சில்லறை யூரோ கையில் இருக்கட்டும்.

டுப்ரோவ்னிக்குக்குப் போகும்போது வலப்பக்க ஜன்னலில் உட்கார். வழி நெடுகக் கடல் அந்தப் பக்கந்தான். முன்பெல்லாம் நடுவே போஸ்னியாவின் நேயூம் கடற்கரையைக் கடக்க இரண்டு முறை எல்லைச் சோதனை இருந்தது. 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்தபின் குரோஷியாவை விட்டு வெளியே போகாமலே போய்ச் சேரலாம். ஆனாலும் பேருந்து எந்த வழியில் போகிறது என்று கேட்டே ஏறு. 2023 முதல் குரோஷியா, உள் எல்லைகளில் சோதனையில்லாத ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதிக்குள் வந்துவிட்டதால், உன் ஜெர்மன் ரெசிடென்ஸ் பெர்மிட் இருக்கத் தனி விசா வேண்டாம்; ஆனால் அதோடு பாஸ்போர்ட்டும் அவசியம், இரண்டையும் சேர்த்தே கைப்பையில் வை.

இப்போது நான் யாரிடமும் முழுதாகச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். டுப்ரோவ்னிக்கில் எங்கள் பேருந்து தாமதமாகி, கோட்டைக்குள் இருந்த விடுதிக்கு இரவு பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வரவேற்பு மேசையைப் பூட்டிவிட்டார்கள். கதவுக்குரிய எண் போனில் வந்திருந்தது. போனில் சார்ஜ் இல்லை. செங்குத்தான அந்தக் கல்படிகளில் சக்கரப் பெட்டியைப் படிக்குப் படி இடிக்க இழுத்துக்கொண்டு, எந்தச் சந்து என்று தெரியாமல் மேலும் கீழும் அலைந்தோம். மேலே ஒரு ஜன்னல் படீரென்று திறந்தது. திட்டப் போகிறார்கள் என்று நின்றோம். எண்பது வயதிருக்கும் ஒரு பாட்டி, எங்கள் நரைத்த தலைகளைப் பார்த்தாரோ என்னவோ, ஒரு கையில் தண்ணீர்ச் செம்பும் மறுகையில் சார்ஜரும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார். போன் உயிர் பெறும்வரை எங்களோடு படியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில், அந்தச் சந்தின் வீடுகளை ஒவ்வொன்றாகக் கைகாட்டி, "டூரிஸ்ட், டூரிஸ்ட், டூரிஸ்ட்" என்றார். கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டு, "நான்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் ஊரைச் சுற்றிய கோட்டைச் சுவரின் மேல் நடந்தபோது அந்தச் சந்தைத் தேடினேன். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுவர் அது. கீழே தெரியும் கூரைகளில் பளிச்சென்ற செம்மஞ்சள் ஓடுகள், யுகோஸ்லாவியப் படை 1991-92இல் நடத்திய முற்றுகையில் குண்டு விழுந்து உடைந்த பின் மாற்றியவை. மங்கிய ஓடுகள் தப்பியவை. சுவருக்கு வாங்கும் சீட்டு உன் ஒருநாள் தங்குசெலவை விழுங்கும், அதில் மட்டும் கணக்குப் பார்க்காதே. ஒருநாள் நகரச் சீட்டில் சுவர், அருங்காட்சியகம், பேருந்து எல்லாம் அடக்கம். அதையே வாங்கிக்கொண்டு, கதவு திறந்ததும் ஏறிவிடு, நிழல் கிடையாது.

சக்கரப் பெட்டி வேண்டாம், கயல். தோள்பை எடுத்துக்கொண்டு போ. இரவில் அந்தச் சந்துகளில் தோழிகளோடு சத்தமாகப் பேசிச் சிரித்து நடக்காதே. ஜன்னலுக்குப் பின்னால் யாரோ ஒருவர் தூங்க முயன்றுகொண்டிருப்பார்.

புதுத் தேதியை எழுது. அப்பா இரண்டு சாவியுள்ள சின்னப் பித்தளைப் பூட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். தபாலில் அனுப்ப வேண்டும், உன் அறை எண் பழையதுதானா?

அன்புடன்,
அம்மா