ரதத்துக்கு முன்னால் பதாகை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து மார்டி கிரா திருவிழா பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். 'ஒரு ராத்திரிக் குடிக்கூத்து' என்று தலைப்பு. குடி இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். போர்பன் தெருவில் மனைவியைக் கூட்டிக்கொண்டு பத்து நிமிடம்கூட நிற்க முடியவில்லை. ஆனால் 'ஒரு ராத்திரி' என்பது தப்பு. 2024-இல் தைப்பூசம் முடிந்த கையோடு, அங்கே தாதியாக வேலை செய்யும் மகள் வீட்டுக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தவன் என்பதால் எழுதுகிறேன். நம் கோயில் ரதத்தைப் பற்றியும் கடைசியில் ஒன்று சொல்ல வேண்டும்.

அது ஒரு பருவம். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று தொடங்கும். ஈஸ்டருக்கு முன் கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை முடியும். மறுநாள் திருநீற்றுப் புதன். (இந்தச் சொல் எனக்குத் தெரிந்தது, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்த மாதா கோயில் அக்கா புண்ணியத்தில்.) ஈஸ்டர் நகர்ந்தால் இந்தச் செவ்வாயும் நகரும். பிப்ரவரி 3-க்கு முன்னால் வராது, மார்ச் 9-ஐத் தாண்டாது. 2024-இல் மொத்தம் 39 நாள். அத்தனை நாளும் வீட்டிலும் வேலையிடத்திலும் வளையம் மாதிரி ஒரு கேக் வெட்டுகிறார்கள். உள்ளே விரல் நுனி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் குழந்தை. அது யார் துண்டில் வருகிறதோ அவர்தான் அடுத்த கேக் வாங்க வேண்டும். மகளுக்கு இரண்டு தடவை செலவு.

ஊர்வலங்களை நகராட்சி நடத்துவதில்லை. 'க்ரூ' என்று சொல்லும் சங்கங்கள் நடத்துகின்றன. 1857-இல் கோமஸ், 1872-இல் ரெக்ஸ் என்று தொடங்கி இன்று நிறைய. உறுப்பினர் சந்தா கட்டுகிறார். அலங்கார வண்டியிலிருந்து கூட்டத்துக்கு வீசும் பாசிமணியையும் சொந்தக் காசில்தான் வாங்குகிறார். வண்டியில் ஏறுகிறவர் முகமூடி போட வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆகவே மணியை வீசியவர் வங்கி மேனேஜரா, குழாய் ரிப்பேர்க்காரரா, யாருக்கும் தெரியாது.

எனக்கு மனசில் நின்றது ஸூலு சங்கம். கறுப்பினத் தொழிலாளிகள் ஆரம்பித்தது. 1909-இல் அவர்களுடைய முதல் ராஜா வில்லியம் ஸ்டோரி, பன்றிக்கொழுப்பு அடைத்து வந்த தகரத்தில் கிரீடம் செய்து மாட்டிக்கொண்டு, வாழைத்தண்டைச் செங்கோலாகப் பிடித்துக்கொண்டு நடந்தார். பணக்காரர்கள் சங்கமான ரெக்ஸின் ராஜாவுக்கு இது நல்ல நக்கல். 1949-இல் ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் ஸூலு ராஜாவாக வண்டியேறினார். இந்தச் சங்கத்தின் வேர் உதவிச் சங்கங்களில் இருக்கிறது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைப்பார்கள். நோய் வந்தால் கை கொடுக்கும், செத்தால் அடக்கத்துக்கு ஆகும். நம் மலேசியத் தோட்டத்து மரணச் சகாய நிதியேதான்!

ஸூலு வண்டியிலிருந்து தேங்காய் தருவார்கள். சாயம் பூசி, மினுமினுப்பு ஒட்டிய தேங்காய். முன்பெல்லாம் வீசினார்களாம். அடிபட்டவர்கள் வழக்குப் போட, இன்சூரன்ஸ் கிடைக்காமல் போனது. அப்புறம் 1988-இல் லூசியானா மாநிலம் தேங்காய்க்கென்றே ஒரு சட்டம் போட்டு, கையில் கொடுக்க வழி செய்தது. என் மனைவி கையிலும் ஒன்று வந்து விழுந்தது. பினாங்கில் தைப்பூச வெள்ளி ரதத்துக்கு முன்னால் குவியல் குவியலாகத் தேங்காய் உடைவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் அவள். காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். "தண்ணியே இல்லையே, இதைப் பிள்ளையாருக்கு எப்படி உடைக்கிறது?" என்றாள். இப்போது எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

எல்லாம் நல்லதே என்று சொல்ல வரவில்லை. பழைய பெரிய சங்கங்கள் பலவற்றில் வெள்ளையர் மட்டும்தான் இருந்தார்கள். 1991 டிசம்பரில் நகர மன்றம் பாகுபாடு கூடாது என்று சட்டம் கொண்டு வந்ததும், கோமஸ் தெரு ஊர்வலத்தையே விட்டுவிட்டது. நாம் சிரிக்க வேண்டாம். யார் வடம் பிடிக்கலாம் என்ற சண்டை நம் தோட்டங்களிலும் நடந்திருக்கிறது. திருவிழாவில் முதல் மாலை தோட்ட மேனேஜர் துரைக்கு, இரண்டாவது கணக்கெழுதும் கிராணிக்கு. அந்த இரண்டாவது மாலையை நானும் கழுத்தை நீட்டி வாங்கியிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அத்தனை ஊர்வலம் பார்த்தும் ஒரு வண்டியிலும் கம்பெனி விளம்பரம் இல்லை. நகரச் சட்டம் அதைத் தடுக்கிறது. 2005-இல் கத்ரீனா புயலில் ஊரில் பெரும்பகுதி மூழ்கியது. அடுத்த பிப்ரவரியில் போலீசுக்கும் குப்பை அள்ளவும் நகராட்சியிடம் காசில்லை. குப்பைப் பை செய்யும் கம்பெனி ஒன்று பணமும் பையும் கொடுத்தது. அப்போதும் அதன் பெயர் வண்டிகளில் ஏறவில்லை.

நான் முப்பத்தோரு வருடம் தோட்டக் கிராணி. சம்பளப் பதிவேடான செக்ரோலில் கடைசிக்கு முந்தின கட்டம் 'கோயில்'. குடும்பத்துக்கு மாதம் இரண்டு வெள்ளி (ரிங்கிட்), சிவப்பு மையில் நானே பிடித்து எழுதுவேன். திருவிழா முடிந்த மறுவாரம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கணக்கு வாசிப்போம். ஒரு வருடம் கணக்கில் பதினான்கு வெள்ளி குறைந்தது. பால்வெட்டுக்காரப் பாட்டி ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "என் ரெண்டு வெள்ளி எங்க போச்சு, கிராணி ஐயா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கில் தேடிக் கண்டுபிடித்தேன். பந்தல் கயிறு வாங்கிய ரசீது, கற்பூர டப்பாவுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

இப்போது கித்தா (ரப்பர்) மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சனங்கள் தாமான் என்னும் குடியிருப்புகளில். கோயில் மட்டும் பழைய இடத்தில். இந்த வருடத் தீமிதிக்கு ரதம் வந்தபோது, முன்பக்கம் ஒரு வியாபாரியின் பதாகை, பக்கவாட்டில் வேட்டி கட்டிய பிரமுகர்கள் கும்பிடும் படங்கள். அம்மன் முகத்தைப் பார்க்க வயசானவர்கள் ரதத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்கள். கணக்கு வாசிப்பு நின்று பல வருடமாயிற்று. கேட்டால், "செலவெல்லாம் ஸ்பான்சர் பார்த்துக்கிட்டார், அண்ணே" என்கிறார்கள்.

கொடுப்பவர் கொடுக்கட்டும். பெயரைச் செருப்பு விடும் இடத்தில் பலகை வைத்து எழுதுங்கள், எல்லார் கண்ணிலும் படும். ரதத்தில் வேண்டாம். எங்கே குடியேறியிருந்தாலும் குடும்பத்துக்கு மாதம் ஐந்து வெள்ளி சந்தா மறுபடி பிடிக்கலாம். நோட்டுப் போட்டு எழுத எனக்குக் கண் இன்னும் தெரிகிறது. முதல் ஐந்து வெள்ளி என்னுடையது. ரசீது வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி,
பீடோங், கெடா.