ஃபாரின் ஆராய்ச்சிக்கு உதவணும்னா முதல்ல ஃபீல்டு ஸ்டாஃப பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டு யுனிவர்சிட்டிகாரங்க இங்க வந்து பண்ற ஹெல்த் ஆராய்ச்சிக்கு பணம் நின்னு போறத பத்தி நீங்க போட்ட செய்திய படிச்சேன். அதுக்கு ஒரு வாசகர், நம்ம ஜனங்கள எலி மாதிரி வச்சு சோதன பண்ணிட்டு பேர் வாங்கிட்டு போறவனுக்கு எதுக்கு ஆதரவு, போனா போகட்டும்னு எழுதியிருந்தார். அவர் மேல எனக்கு கோவம் இல்ல. அப்போ ஆந்திராவுல இருந்த கம்மம் பக்கம் ஹெச்பிவி (கர்ப்பப்பை வாய் புத்துநோய் வராம இருக்க போடறது) தடுப்பூசி திட்டத்துல ஹாஸ்டல் பொண்ணுங்களுக்கு அப்பா அம்மாவ கேக்காம வார்டனே கையெழுத்து போட்டு குடுத்தது 2013ல பார்லிமென்ட் கமிட்டி ரிப்போர்ட் வரைக்கும் வந்துச்சு, அத படிச்ச யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனா நான் அப்படிப்பட்ட ஒரு ஆராய்ச்சியில ஒன்பது வருஷம் சாம்பிள் ஐஸ் பாக்ஸ ஸ்கூட்டில கட்டிக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்சவ, அதனால எனக்கும் சொல்ல கொஞ்சம் இருக்கு.

கைக்குழந்தைங்களுக்கு பேதி எத்தன தடவ வருதுன்னு வாரா வாரம் வீட்டுக்கு போய் கேக்கறது தான் என் வேல. 24 மணி நேரத்துல மூணு தடவையோ அதுக்கு மேலயோ தண்ணியா போனா பேதி, இது உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு. நாங்க ஃபார்ம வச்சுக்கிட்டு "பேதி இருக்கா"ன்னு கேட்டோம், இல்லன்னாங்க, இல்லன்னு டிக் அடிச்சோம், ஒரு மாசம் இப்படியே ஓடிச்சு. அப்போ அந்த வெளிநாட்டுலேர்ந்து ஒரு பொண்ணு வந்தா, பிஎச்டி படிக்கிறவ, ஆறு வாரம் தங்கத்தான் அவங்க யுனிவர்சிட்டி காசு குடுத்திருக்கு. முதல் வாரம் அவளுக்கே வயிறு கெட்டு படுத்துட்டா, ரெண்டாவது வாரம் ஆடி கூழ் ஊத்தறதுன்னு ஊரே பிஸி, ரத்தம் எடுக்க யாரும் புள்ளைய குடுக்கல. மூணாவது வாரம் ஒரு வீட்டுல வழக்கம் போல இல்லன்னு சொன்ன அம்மாவோட கொடியில ஏழெட்டு துணி காயறத பாத்துட்டு ஏன்னு கேளுங்கன்னா. கேட்டா, "பல்லு மொளைக்குதுக்கா, அதான் போவுது, அது பேதியா இன்னா"ன்னு அந்தம்மா சிரிக்குது. அவங்களுக்கு பேதின்னா கண்ணு உள்ள போயி ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடறது தான், பல்லு மொளைக்கறதும் மாந்தமும் வேற கணக்கு. அன்னைலேர்ந்து "நேத்து காலைலேர்ந்து எத்தன தடவ துணி மாத்தின"ன்னு கேக்க ஆரம்பிச்சோம், டிக் அத்தனையும் மாறிப்போச்சு. அவ ரெண்டு வாரத்துலயே ஊருக்கு கெளம்பியிருந்தா அந்த தப்பு டிக்கெல்லாம் அப்படியே பெரிய பத்திரிகையில கிராஃபா வந்திருக்கும், யாருக்கும் தெரிஞ்சே இருக்காது.

நான் கேக்கற ஆதரவு இது தான். ஃப்ளைட் டிக்கெட்டும் இன்ஷூரன்சும் குடுத்தா போதும்னு அங்க இருக்கறவங்க நெனைக்கறாங்க. ஊர்ல கெடக்கறதுக்கு நாள் குடுங்க, மொழி கத்துக்க நாள் குடுங்க, கூட நடக்கற எங்களுக்கு சம்பளம் விட்டுப்போகாம குடுங்க.

சென்னை சேத்துப்பட்டுல 1956ல ஆரம்பிச்ச டிபி ஆராய்ச்சி தெரிஞ்சவங்களுக்கு இது புதுசு இல்ல. லண்டன்லேர்ந்து வாலஸ் ஃபாக்ஸ் வந்தார் (அவர் யுனிவர்சிட்டி அனுப்பின ஆள் இல்ல, பிரிட்டிஷ் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் அனுப்பினவர், இருந்தாலும் கத ஒன்னு தான்), ஐசிஎம்ஆர் (நம்ம இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்), உலக சுகாதார நிறுவனம், மதராஸ் அரசு எல்லாம் சேந்து 193 நோயாளிங்கள ரெண்டா பிரிச்சு, பாதி பேர சானடோரியத்துல, அதாவது டிபி ஆஸ்பத்திரில வச்சு, பாதி பேர நெருக்கடியான அவங்கவங்க வீட்டுலயே வச்சு ஒரு வருஷம் அதே மருந்து குடுத்து பாத்தாங்க. வீட்டு வைத்தியம் சானடோரியத்துக்கு கொறஞ்சது இல்ல, கூட இருக்கற குடும்பத்துக்கும் அதனால தொத்து கூடலன்னு 1959லயும் 1960லயும் வந்த முடிவு உலகம் பூரா டிபி வைத்தியத்தையே மாத்திச்சு. ஃபாக்ஸ் அஞ்சு வருஷம் இங்கயே இருந்தார். அதவிட, சொல்லாம கொள்ளாம வீட்டுக்கு போய் மாத்திரைய எண்ணி, யூரின் வாங்கிட்டு வந்து டெஸ்டுக்கு குடுத்த ஊழியருங்க இல்லன்னா மாத்திர முழுங்கினாங்களா இல்ல சாக்கடைல போட்டாங்களான்னு அவருக்கு எப்படி தெரியும்?

இப்போ நடக்கறது நேர் எதிர். அமெரிக்காவுல ஹெல்த் ஆராய்ச்சிக்கு அரசு பணம் குடுக்கற என்ஐஹெச் 2025 மே மாசம், அங்கத்த யுனிவர்சிட்டிக்கு குடுக்கற கிராண்டுலேர்ந்து வெளிநாட்டு கூட்டாளிக்கு போற பங்க, புது முறை வர்ற வரைக்கும் நிறுத்தறோம்னு அறிவிச்சாங்க. பணம் எங்க போகுதுன்னு கண்காணிக்கணும்னு காரணம் சொல்றாங்க, கண்காணிக்கட்டும், வேணாங்கல. ஆனா அங்க இருக்கற புரொபசருக்கு வேற கிராண்டு, வேற கிளாஸ்னு ஏதாவது இருக்கும், இங்க ஐஸ் பாக்ஸ் தூக்கறவளுக்கு அந்த பங்கு தான் சம்பளமே. நம்ம பக்கம் எத்திக்ஸ் கமிட்டி, ஹெல்த் மினிஸ்ட்ரி ஸ்க்ரீனிங் கமிட்டி, சிடிஆர்ஐ (மருத்துவ சோதனைங்கள பதியற அரசு லிஸ்ட்) பதிவு எல்லாம் இருக்கட்டும், கம்மத்துக்கு அப்பறம் அதுல கை வைக்க சொல்ல மாட்டேன், ஃபைல் நகர்ற வேகத்த மட்டும் கொஞ்சம் பாத்துக்கலாம்.

இன்னொன்னு. எங்க கன்சென்ட் ஃபார்ம்ல "இவ்வாய்வில் தங்கள் சேய் பங்கேற்பதால் ஏற்படக்கூடிய அசௌகரியங்கள் குறைந்தபட்சமானவையே"ன்னு ஒரு வரி. அத படிச்சு காட்டினா களை எடுத்துட்டு வந்து திண்ணையில உக்காந்திருக்கறவங்க, "இன்னாக்கா சொல்ற, புள்ளைக்கு ஊசி உண்டா இல்லயா, அத சொல்லு"ம்பாங்க. அந்த வரிய மாத்த திரும்ப அனுமதி வாங்கணும்னு சொல்லி கடைசி வரைக்கும் மாத்தல. முடிவ தமிழ்ல ரெண்டு பக்கம் அடிச்சு ஊருக்கு குடுக்கவும் பட்ஜெட்ல காசு இல்லன்னுட்டாங்க. பஸ் ஸ்டாப்ல, ரேஷன் கடைல பாக்கற அம்மாங்களுக்கு நானே வாயால சொல்லிட்டு வர்றேன், பாதி பேருக்கு மேல இன்னும் பாக்கி.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் களப்பணியாளர்,
திருவண்ணாமலை மாவட்டம்