எந்தப் பிஸ்டல் என்று கேட்ட மாமாவுக்கு

டெக்சஸ்

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் மகளும் பேரனும் சுகமாக இருக்கிறார்கள். அத்தை சொன்ன அர்ச்சனையைப் பியர்லாண்ட் மீனாட்சி கோயிலில் செய்துவிட்டோம். வெயில் நம்ம ஊர் வெயில்தான், புழுக்கம் மட்டும் கூடுதல்.

வீட்டுக்குப் பிஸ்டல் வாங்குவது பற்றிப் போனில் பேசியது பாதியில் நின்றுவிட்டது. "வாங்கத்தான் போறேன்னா சின்னதா வாங்கு மாப்பிள்ளை, பொம்பளப் பிள்ளை கைக்கு அதுதான் தோது" என்றீர்கள். உங்கள் மகள் கையில் இருக்கப்போகிற பொருள். அதனால் நாங்கள் பார்த்ததை எல்லாம் விவரமாக எழுதுகிறேன்.

எனக்கு ரிஃபைனரியில் இரவு ஷிஃப்ட். வீடு ஹியூஸ்டனுக்குத் தெற்கே, ஊர் எல்லைக்கு வெளியே. பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. போன மாதம் ராத்திரியில் யாரோ பின்கதவை அசைத்துப் பார்த்ததும், போலீஸ் வண்டி வரும்வரை அவள் பிள்ளையோடு குளியலறையில் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் உங்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் எடுத்த முடிவு இது.

க்ளாக் கம்பெனியின் 17, 19 என்ற இரண்டு பிஸ்டல்களில் ஒன்று என்று முடிவு செய்தோம். இரண்டும் 9 எம்எம் தோட்டா போடுபவை. 17 என்பது 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்ட முழு அளவுப் பிஸ்டல். அதையே கொஞ்சம் குறுக்கி 1988-இல் 19-ஐக் கொண்டுவந்தார்கள். பேரல், அதாவது குழல், 114 மில்லிமீட்டரிலிருந்து 102 ஆனது, பிடியின் உயரம் ஒரு சென்டிமீட்டர் போலக் குறைந்தது, தோட்டா அடுக்குகிற மேகசினில் 17 ரவுண்டுக்குப் பதில் 15. ரவுண்டு நிரப்பினால் பெரியது ஏறக்குறைய 900 கிராம், சின்னது 850. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள் மாமா. பிடியின் சுற்றளவு இரண்டிலும் ஒன்றுதான். டிரிக்கருக்கு விரல் எட்டவேண்டிய தூரமும் ஒன்றுதான். நீளத்தைத்தான் குறைத்திருக்கிறார்கள், பருமனை இல்லை. ஆகவே சின்னக் கைக்குச் சின்னப் பிஸ்டல் என்பது இந்த இரண்டுக்கும் பொருந்தாது. இப்போது வருகிற மாடல்களில் பிடியின் பின்பக்கம் கழற்றி மாட்டுகிற தகடுகள் கொடுக்கிறார்கள். அவள் கைக்குத் தகடே வேண்டாம், வெறும் பிடியே சரியாக உட்கார்ந்தது.

ஃபயரிங் ரேஞ்சில் இரண்டையும் வாடகைக்கு வாங்கிச் சுட்டுப் பார்த்தோம். மணிமுத்தாறு போலீஸ் பட்டாலியனில் நீங்கள் வைத்திருந்த இஷாப்பூர் 9 எம்எம் பிஸ்டல் முழுக்க இரும்பு. சுடும்போது அது கையில் அடங்கி நிற்கும் என்று நீங்களே சொல்வீர்கள். க்ளாக்கின் உடம்பு பிளாஸ்டிக். அதனால் ஐம்பது கிராம் கூடினாலும் கையில் தெரிகிறது. 19 ஒவ்வொரு ரவுண்டுக்கும் கொஞ்சம் கூடவே துள்ளியது. 17-இல் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி அதிகம், குறி பார்ப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. ஏழு கெஜத்தில் அவள் போட்ட ஓட்டைகள் 17-இல் உள்ளங்கைக்குள் அடங்கின, 19-இல் அதைவிடச் சிதறின. இதை எழுதச் சொன்னதும் அவள்தான்.

கடைக்காரர் 19-ஐத்தான் எடுத்துப்போகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் ஒத்துவரும் என்கிறார். இடுப்பில் செருகிக்கொண்டு போகிறவர்களுக்கு அது உண்மை. 2021 செப்டம்பரிலிருந்து இங்கே 21 வயதான, சட்டத்தில் தடை இல்லாத யாரும் லைசென்ஸ் இல்லாமலே வைத்துக்கொண்டு நடக்கலாம். அப்படி மறைத்து வைக்கும்போது காட்டிக்கொடுப்பது பேரல் இல்லை, பிடிதான். பேரல் கால்சட்டைக்குள் போய்விடும், பிடி சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அங்கே அந்த ஒரு சென்டிமீட்டர் பெரிய விஷயம். ஆனால் அவள் வெளியே எடுத்துப்போகப் போவதில்லை. ரிஃபைனரிக்குள் எனக்கும் அனுமதி கிடையாது. வீட்டுக்குள்ளேயே இருக்கிற பொருளை எதற்குக் குறுக்க வேண்டும்?

அளவைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது சுவர்தான். இங்கே அறைக்கு அறை செங்கல் கிடையாது. மரச்சட்டத்தின் இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை, அவ்வளவுதான். எந்த 9 எம்எம் ரவுண்டும் அதைத் துளைத்து அடுத்த அறைக்குப் போய்விடும். எங்கள் படுக்கையறைக்கு அடுத்தது பிள்ளையின் அறை. அதனால் அவளும் நானும் வீட்டுக்குள் நடந்து பார்த்து, எந்தப் பக்கம் பார்த்து ஒருபோதும் சுடக்கூடாது என்பதை முதலில் தீர்மானித்தோம். சத்தம் கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கு வரவேண்டும், கதவைப் பூட்டி 911 கூப்பிட வேண்டும், வெளியே தேடிப் போகக்கூடாது. ஆள் யாரென்று தெரியாமல் சுடக்கூடாது என்பதால் பிஸ்டலின் முன்னால் ஒரு டார்ச் மாட்டுகிறோம்.

சேஃப்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் பிஸ்டலில் இருந்ததுபோல் கட்டைவிரலால் தள்ளுகிற சேஃப்டி இரண்டிலும் கிடையாது. டிரிக்கரின் நடுவே ஒரு சின்ன நாக்கு, விரல் அதை அழுத்தினால்தான் டிரிக்கர் நகரும். சுத்தம் செய்யப் பிரிப்பதற்கும் டிரிக்கரை இழுத்தாக வேண்டும். அதனால் மேகசினைக் கழற்றி, பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்து, உள்ளே ரவுண்டு உட்காரும் இடம் காலியா என்று கண்ணால் பார்த்து, சுண்டு விரலை விட்டுத் தடவியும் பார்த்த பிறகுதான் அவள் அடுத்த வேலைக்குப் போகிறாள். நான் சொல்லாமலே செய்கிறாள், உங்கள் மகள்தானே.

பேரனைப் பற்றி அத்தை பயப்படுவது நியாயம். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு எட்டும்படி வைத்தால் இங்கே அது குற்றம். நம்பர் அழுத்தித் திறக்கிற லாக்கர் ஒன்றை அலமாரிக்குள் உயரத்தில் போல்ட் போட்டு இறுக்கியாகிவிட்டது. பிஸ்டலுக்கு முன்னால் லாக்கரைத்தான் வாங்கினேன்.

நம்ம ஊரில் லைசென்ஸுக்குக் கலெக்டர் ஆபீஸ், போலீஸ் விசாரணை என்று அலைய வேண்டும், 9 எம்எம் பொதுமக்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. இங்கே கிரீன் கார்டைக் காட்டி ஒரு மத்திய அரசு படிவம் நிரப்பினால் கடையிலிருந்தே விசாரித்துவிடுகிறார்கள்.

வருகிற சனிக்கிழமை 17-ஐ எடுத்து வரலாம் என்றிருக்கிறோம். உங்களுக்கு இதில் மாற்றுக் கருத்து இருந்தால் அதற்குள் போன் பண்ணுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அத்தையிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் மாமா. நான் சொன்னால் அழுவார்கள்.

இப்படிக்கு
உங்கள் அன்பு மருமகன்