கோதுமை சேராத பிள்ளைகள்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். க்ளூட்டன் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் சிலர் நம் பள்ளியில் படிக்கிறார்கள். பெயரும் வகுப்பும் இங்கே தேவையில்லை. டிபன் பாக்ஸைத் திறக்கும்போதும் பிறந்தநாள் கேக் வரும்போதும் "ஏன் சாப்பிட மாட்டேங்கிற?" என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளைகளே ஒவ்வொரு முறையும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பதில் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்கள் பாரம் குறையும்.

கோதுமை, பார்லி, ரை என்ற தானியம் ஆகியவற்றில் இருக்கும் புரதம்தான் க்ளூட்டன். மைதா, ரவை, சேமியா எல்லாமே கோதுமை. க்ளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் என்ற நோய் உள்ள பிள்ளை இதைச் சாப்பிட்டால், உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோகின்றன. வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம், ரத்தசோகை, உயரம் கூடாமல் நிற்பது எல்லாம் இதனால் வரலாம். குணப்படுத்த மருந்து இல்லை. ஆயுள் முழுக்கப் பத்தியம்தான்.

"ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆகிடும்?" என்று அன்பாகத்தான் கேட்கிறோம். தினம் 50 மில்லிகிராம் க்ளூட்டன் தொடர்ந்து உள்ளே போனாலே குடல் பாதிக்கப்படலாம். ஒரு பிரெட் துண்டில் சுமார் 2 கிராம் இருக்கிறது, அதாவது அதைப்போல 40 மடங்கு. சில பிள்ளைகளுக்கு அன்றைக்கே எந்தத் தொந்தரவும் தெரியாது. அதனால் "நேத்து பிஸ்கட் சாப்பிட்டியே, ஒன்னும் ஆகலையே" என்ற வாதம் செல்லாது.

இட்லி, பொங்கல், இடியாப்பம் என்று நம் சாப்பாட்டில் பாதி அரிசிதானே என்று தோன்றும். சிக்கல் ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு. கடையில் வாங்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். அப்படியானால் சாம்பார், ரசம், முறுக்கு, தயிர்சாதத் தாளிப்பு எல்லாம் சந்தேகம்தான். மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு நம் அரிசியைப் போட்டால் அரிசி மாவிலும் கோதுமை கலந்துவிடும். சப்பாத்தி சுட்ட கல்லில் வார்த்த தோசை, பூரி பொரித்த எண்ணெயில் போட்ட வடை, சோயா சாஸ் (பெரும்பாலும் அதிலும் கோதுமை உண்டு) ஊற்றிய ஃப்ரைடு ரைஸ், பார்லி மால்ட் சேர்த்த சத்து பானங்கள் எதுவும் ஆகாது. பாயசத்தில் ஜவ்வரிசி சரி, சேமியா கூடாது.

வகுப்பில் பிறந்தநாளுக்கு ஏதாவது கொடுப்பதாக இருந்தால் கடலை மிட்டாய், எள்ளுருண்டை, வாழைப்பழம் போதும். மிட்டாய் பாக்கெட்டின் லேபிளைப் பாருங்கள். 'க்ளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட, நம் நாட்டு விதிப்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருக்கக்கூடாது. வேஃபர் வைத்த சாக்லேட்டைத் தவிர்த்துவிடுங்கள்.

வீட்டு விழாவுக்கு அழைத்தால் இரண்டு நாள் முன்பே அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போன் செய்து பேசிவிடுங்கள். அவர்கள் தனி டிபன் கொடுத்தனுப்பினால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்களே பரிமாறுவதானால் அந்தப் பிள்ளைக்கு முதலில் பரிமாறுங்கள். பரோட்டாவில் பட்ட கரண்டி குருமாவுக்குள் போன பிறகு அந்தக் குருமாவும் உதவாது. என்ன சேர்த்திருக்கிறது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் "தெரியலைம்மா" என்று சொல்லிவிடுவதே நல்லது. எல்லோர் முன்னாலும் "ஐயோ பாவம்" மட்டும் வேண்டாம்.

பிள்ளைக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. "எனக்குக் கோதுமை சேராது, டாக்டர் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். நீ சாப்பிடு" என்பது போதும். பெரியவர் வற்புறுத்தினால் "அம்மாவைக் கேட்டுட்டு வரேன்" என்று நகர்ந்துவிடலாம். வெளியில் 'அலர்ஜி' என்று சொன்னால் சட்டென்று புரிகிறது, சரிதான். பள்ளிப் பதிவில் மட்டும் சரியான பெயர் வேண்டும். கோதுமை அலர்ஜி வேறு: அதில் சில நிமிடங்களிலேயே தடிப்பு, மூச்சுத்திணறல் வரலாம், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சீலியாக் பிள்ளை தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வீட்டுக்குத் தகவல் சொல்லி, கேட்டபோதெல்லாம் கழிப்பறைக்கு அனுப்ப ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். எல்கேஜி, யூகேஜியில் மைதா பசையும் விளையாட்டு மாவும் இனி இல்லை. கை வாய்க்குப் போகும் வயது அது.

உங்கள் பிள்ளைக்கும் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால், பரிசோதனையில் தேடும் எதிர்ப்பொருள் (நோய் எதிர்ப்பு சக்தி உண்டாக்குவது) ரத்தத்தில் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். முதலில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே உறுதியானவர்கள் மருத்துவச் சான்றின் நகலையும், பிள்ளை சாப்பிடக்கூடியவற்றின் பட்டியலையும் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்