கார் பாலிசியில் இளம் ஓட்டுநர்கள் குறித்த தவறான பதிவு: திருத்தம் கோரும் புகார்

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வாகனக் காப்பீட்டுப் பிரிவு

பொருள்: கூடுதல் ஓட்டுநர் விவரத்தைத் திருத்தித் தருதல், அதிகமாக வாங்கிய பிரீமியத்தைத் திருப்புதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் குடும்பக் காரின் பாலிசியைப் புதுப்பித்தபோது 19 வயது மகனையும் 23 வயது மகளையும் கூடுதல் ஓட்டுநர்களாகச் சேர்த்தோம். இருவரும் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். விடுமுறைக்கு வரும்போது மட்டும், இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 50 நாள் வண்டியை எடுப்பார்கள். விண்ணப்பத்தில் இதை அப்படியே தெரிவித்திருந்தேன். நீங்கள் அனுப்பிய பாலிசி அட்டவணையில், அதாவது ஓட்டுநர், காப்பு விவரங்களைப் பதிந்த தாளில், அது இல்லை.

உங்கள் இணையப் படிவத்தில் 'ஓட்டும் அளவு' என்ற இடத்தைத் தொட்டால் இரண்டே தேர்வுகள் வருகின்றன: 'முதன்மை ஓட்டுநர்', 'சமமாக ஓட்டுபவர்'. 'எப்போதாவது' என்று ஒன்று கிடையாது. வேறு வழியில்லாமல் இரண்டாவதைத் தேர்ந்துவிட்டு, கீழே இருந்த குறிப்புப் பெட்டியில் 'விடுமுறையில் மட்டும், ஆண்டுக்குச் சுமார் 50 நாள்' என்று எழுதினேன். அட்டவணையின் மூன்றாம் பக்கத்தில் இருவர் பெயருக்கு நேரேயும் 'சமமாக' என்று அச்சாகியிருக்கிறது. குறிப்பைக் காணவே காணோம்.

இதைச் சின்ன எழுத்துப் பிழை என்று உங்கள் வாடிக்கையாளர் சேவை ஊழியர் சொன்னார். அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. தினமும் ஓட்டுவது பிள்ளையாக இருக்க, பிரீமியம் குறையட்டும் என்று அப்பா அல்லது அம்மாவை முதன்மை ஓட்டுநராகக் காட்டும் பழக்கம் இருக்கிறது. அது தவறான தகவல். அது தெரியவந்தால் க்ளெய்ம் மறுக்கப்படலாம், பாலிசியே ரத்தாகலாம். அதனால்தான் இளம் ஓட்டுநர் விபத்து என்றதும் யார் எத்தனை நாள் ஓட்டினார், வண்டி இரவில் எங்கே நின்றது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்றெல்லாம் விசாரிக்கிறீர்கள். அந்த விசாரணை நியாயமானது, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் உண்மையைச் சொன்னவரின் கையில் அதைக் காட்டும் காகிதம் இருக்க வேண்டாமா? க்ளெய்ம் வரும் நாளில் பேசப்போவது அட்டவணைதான். 'அதெல்லாம் பிரச்சினை வராது சார்' என்று தொலைபேசியில் கேட்ட வார்த்தை அல்ல.

அடுத்தது மகளின் உரிமம். அவர் முழு உரிமம் பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முகவரி மாறியதால் சென்ற ஆண்டு புது அட்டை வாங்கினார். அட்டையில் இரண்டு தேதிகள் உண்டு: உரிமம் முதன்முதலில் வழங்கப்பட்ட தேதி, அந்த அட்டை அச்சான தேதி. உங்கள் ஆள் இரண்டாவதை எடுத்துப் பதிந்துவிட்டார். அதனால் 'அனுபவம்: 1 ஆண்டுக்குக் குறைவு' என்று ஆகி, பிரீமியமும் ஏறியது, அனுபவமில்லாதவருக்கான எக்ஸஸும் அவர் தலையில் விழுந்தது.

எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் நாங்கள் கையிலிருந்து போட வேண்டிய தொகை, இந்தப் பாலிசியில் நான்கு அடுக்காக இருக்கிறது. அடிப்படைத் தொகை ஒரு பங்கு. பிரீமியத் தள்ளுபடிக்காக நாங்களே ஏற்றுக்கொண்டது ஒரு பங்கு. 25 வயதுக்குக் கீழ் என்பதற்கு இரண்டு பங்கு. உரிமம் பெற்று இரண்டு ஆண்டு ஆகாததற்கு ஒரு பங்கு. மகன் ஓட்டும்போது இடித்தால் நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து அடிப்படைத் தொகையின் 5 மடங்கு ஆகிறது. விலை காட்டிய பக்கத்தில் தெரிந்தது முதல் இரண்டு மட்டும். மற்ற இரண்டும் பணம் கட்டிய பிறகு வந்த 40 பக்கக் கோப்பில், பின்னிணைப்பில் இருந்தன.

புதிதாக ஓட்டுபவர்களிடம் அடிக்கடி வரும் சேதம் பெரிய மோதல் அல்ல. ரிவர்ஸ் எடுக்கும்போது பின் பம்பர், அதிலிருக்கும் பார்க்கிங் சென்சார், டெயில் லேம்ப். குறுகலான இடத்தில் பக்கக் கண்ணாடி. இந்த வேலைகளுக்கான பில் பெரும்பாலும் அந்த 5 மடங்குக்குள்ளேயே அடங்கிவிடும். அப்படியென்றால், அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்குக் காப்பு இருந்தாலும், எங்கள் வண்டியின் சிறு சேதங்களுக்கு மகன் பெயரில் கட்டிய கூடுதல் பிரீமியத்தால் பயனில்லை. முன்பே தெரிந்திருந்தால் நாங்களாக ஏற்ற அந்த ஒரு பங்கை எடுத்திருக்கவே மாட்டோம். அது ஓட்டுபவர் யாராக இருந்தாலும் சேர்கிறது, கிடைத்த தள்ளுபடியோ மிகச் சிறியது.

விடுமுறை முடிந்ததும் மகன் பெயரை நீக்கச் சொன்னேன். அப்போது பாலிசி ஆண்டில் 240 நாள் மீதி. நாள் கணக்குப்படி அவருக்கான கூடுதல் பிரீமியத்தில் சுமார் 66 சதவீதம் திரும்ப வேண்டும். 40 சதவீதம்தான் தருவோம், அதிலும் திருத்தக் கட்டணம் கழிப்போம், அடுத்த விடுமுறைக்குச் சேர்த்தால் அதே கட்டணம் மறுபடியும் உண்டு என்று பதில் வந்தது. இந்த விகிதம் பாலிசியின் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று இரண்டு முறை கேட்டும் பதில் இல்லை.

மகனுக்கு அந்தந்த நாட்களுக்கு மட்டும் தனியாகக் குறுகிய காலப் பாலிசி எடுக்கலாமே என்றும் உங்கள் ஊழியர் யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். அவர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் க்ளெய்ம் அந்தப் பாலிசியில் போகும். ஐந்தாண்டு சேர்த்த எங்கள் நோ க்ளெய்ம் போனஸுக்கு, அதாவது க்ளெய்ம் எடுக்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடிக்கு, சேதம் வராமல் இருக்க வழியுண்டு. ஆனால் உங்கள் நிபந்தனைகளில், இதே வண்டிக்கு வேறு காப்பீடு இருக்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. இரண்டில் எது செல்லும்?

ஆகவே நான் கேட்பவை: இருவரும் 'எப்போதாவது ஓட்டுபவர், இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 50 நாள்' என்று திருத்திய அட்டவணை வேண்டும், படிவத்தில் இடமில்லையென்றால் மேலொப்பமாக (பாலிசியோடு சேர்க்கும் எழுத்துபூர்வத் திருத்தமாக) தாருங்கள், மின்னஞ்சல் உறுதிமொழி போதாது. மகளின் உரிமத் தேதியை முதல் வழங்கல் தேதிக்கு மாற்றி, பாலிசி தொடங்கிய நாளிலிருந்து வித்தியாசத்தைத் திருப்ப வேண்டும். மகனின் பிரீமியத்தை நாள் கணக்கில் திருப்புங்கள். இல்லையேல் 40 சதவீதத்துக்கான பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். நாங்களாக ஏற்ற எக்ஸஸை நீக்கினால் பிரீமியம் எவ்வளவு கூடும் என்பதும், குறுகிய காலப் பாலிசி பற்றிய பதிலும் எழுத்தில் வேண்டும்.

அட்டவணை திருந்தும்வரை இருவரையும் வண்டியை எடுக்க விடவில்லை. அடுத்த விடுமுறை தொடங்க மூன்று வாரம்தான் இருக்கிறது. அதற்குள் பதில் தரவில்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பு அமைப்பிடம் இதே ஆவணங்களுடன் முறையிடுவேன்.

இணைப்பு: விண்ணப்பத்தின் திரைப்பிடிப்பு (குறிப்புப் பெட்டியுடன்), அட்டவணை மூன்றாம் பக்கம், மகளின் உரிம அட்டையின் இருபக்க நகல், விலை காட்டிய பக்கம், பிரீமியம் திருப்புதல் குறித்து நீங்கள் அனுப்பிய பதில்.

இப்படிக்கு,
பாலிசிதாரர்