இவ்வார உரையாடல்: ஒரு மாணவர் சங்கம் தன் மூத்தோரைப் போற்றும் விதம்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். 1906 டிசம்பர் 4 அன்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் எழுவர் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா சங்கத்தைப் பற்றி இவ்வாரம் பேசவிருக்கிறோம். நிறுவனர் எழுவரையும் அச்சங்கத்தார் ‘மணிகள்’ என்றே குறிப்பிடுகின்றனர்.

பாஸ்டனில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது 1952இல் சிக்மா கிளையில் சேர்ந்த மார்ட்டின் லூதர் கிங்குக்கு வாஷிங்டனில் நினைவகம் எழுப்ப வேண்டும் என்று 1984இல் முன்மொழிந்து, 2011இல் அது திறக்கப்படும்வரை விடாமல் உழைத்ததும் இச்சங்கமே; பொன்னாடையோடு கடமையை முடித்துக்கொள்ளும் நம் வழக்கத்தை நினைத்தால் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மறைந்த உறுப்பினர்கள், கிரேக்க நெடுங்கணக்கின் கடைசி எழுத்தான ‘ஒமேகா’வின் பெயர்கொண்ட கிளையில் சேர்ந்துவிட்டதாகச் சொல்வது இவர்களின் மரபு.

இதே சங்கத்தவரான நீதிபதி தர்குட் மார்ஷல் குறித்த குறிப்புகள் வைத்திருப்போர் ஞாயிற்றுக்கிழமைக்குள் பகிருமாறு வேண்டுகிறோம். அதுவரை காலை வணக்கப் படங்களைத் தவிர்க்கவும்.